நாற்காலியில் வைத்த வெளிச்சம்

தகாம்பரோ,
ஞாயிற்றுக்கிழமை

திஹுவானா நகரத்து விழா மண்டபங்களுக்கெல்லாம் ஒளி வழங்கும் வள்ளல், என் தம்பி அபுந்தியோவுக்கு,

உன் அண்ணன் நாசாரியோ கொதித்துக்கொண்டே எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். உன்னை நலமா என்று கேட்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. கடிதம் முடிவதற்குள் வந்தால் கேட்கிறேன்.

உன் மகள் யாரெலியின் பதினைந்தாவது பிறந்தநாள் விழாவுக்கு அப்பன் வருவான் என்று வாசலையே பார்த்திருந்தோம். ஒரு பெட்டி வந்தது. உள்ளே ஃபிளாஷ். "சீசன் நேரம்ணே, நகர முடியல. நீயே படம் எடுத்துடு. ஃபிளாஷைக் கேமரா மேல மாட்டாம தள்ளி வை, அப்பத்தான் மூஞ்சி தட்டையா விழாது" என்று போனில் பாடம் நடத்தினாய். ஊரான் மகள்களையெல்லாம் படம் எடுக்க உனக்கு நேரம் இருக்கிறது!

தள்ளி வைத்தேன். தள்ளி இருக்கும் ஃபிளாஷை எரியவைக்க என்று கூட வந்த குட்டி டப்பாவைக் கேமராவின் தலையில் செருகி அமுக்கினேன். ஃபிளாஷ் எரியாமல் கல்தூணாக நின்றது. இரண்டிலும் ஒரே சேனல் எண் வைக்க வேண்டுமாம்; மகாராஜா சொல்ல மறந்துவிட்டீர். அதைக் கண்டுபிடிப்பதற்குள் என் மீசை முழுக்க நரைத்து, உதிர்ந்து, மறுபடி முளைத்தது.

பிறகு, சுவரில் பட்டுத் திரும்பினால் வெளிச்சம் மென்மையாக விழும் என்று நீ போனில் சொன்னபடியே ஃபிளாஷைச் சுவர் பக்கம் திருப்பினேன். சுவர் முழுக்க உன் மனைவி எவுலாலியா கட்டிய ரோஜா நிறத் துணி. பாதிரியார் எலிகியோ படத்தில் வெந்த இறாலாக விழுந்தார். "நான் இன்னும் நரகத்துக்கே போகலையேப்பா, அதுக்குள்ள ஏன் வறுக்கிற?" என்றார். மண்டபமே உருண்டு சிரித்தது. எவுலாலியா மட்டும் சிரிக்கவில்லை.

ஸ்டாண்டும் நீ அனுப்பவில்லை. ஆள் இல்லாத நாற்காலி ஒன்றுதான் இருந்தது. முதல் வரிசையில், உனக்காகப் போட்டது. அதன் முதுகில் ஃபிளாஷைக் கட்டி, முன்னால் வெள்ளைக் கைக்குட்டையைத் தொங்கவிட்டேன். வெளிச்சம் பாலாய் இறங்கியது.

அப்போது செருப்பு மாற்றும் நேரம் வந்தது. அப்பன் மண்டியிட்டு மகளின் தட்டைச் செருப்பைக் கழற்றி, குதிகால் உயர்ந்ததை மாட்டி, முதல் நடனத்துக்கு எழுப்ப வேண்டிய நேரம். நீ இல்லாததால் ஞானத்தந்தை குனிந்தார். யாரெலி காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். "அப்பா வந்து மாட்டட்டும்" என்றாள். "அதுவரைக்கும் என்னடி பண்ணுவ?" என்றேன். "இதுலயே ஆடுறேன் பெரியப்பா. நீங்க பேசாம படத்த எடுங்க."

ஆடினாள். சுற்றும்போதெல்லாம் உன் நாற்காலிப் பக்கம் திரும்பினாள். அப்போதெல்லாம் நான் அமுக்கினேன். கன்னத்தின் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் மெல்லிய நிழல். முகம் தட்டையாக விழவே இல்லை, வாத்தியாரே. கண்ணுக்குள் ஒரு வெள்ளைப் பொட்டு மின்னுகிறது. அது உன் நாற்காலியிலிருந்து விழுந்தது.

படங்களை அனுப்பமாட்டேன். ஆயிரம் கழுதை பூட்டி இழுத்தாலும் அனுப்பமாட்டேன். வந்து பார். செருப்பு பெட்டியிலேயே இருக்கிறது. உன் முதுகில் அதை ஒரு தடவை பதித்துவிட்டுத்தான் கையில் கொடுப்பேன். பிறகு மண்டியிடு.

மேரியன்னை உன்னைக் காக்கட்டும். முடிந்தால் பிடரியைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றட்டும். சரி, கேட்டுவிடுகிறேன். நலமா, தம்பி? சீக்கிரம் வா. கால் வளர்கிற வயசு அவளுக்கு. செருப்பு வளராது.

இன்னும் கோபம் தணியாத உன் அண்ணன்,
நாசாரியோ