உனக்கு நான் படித்துச் சொல்லாத தாள்

கடைசிவரை என்னைப் 'புள்ள' என்றே கூப்பிட்ட மாதேசண்ணனுக்கு,

போன வாரம் டிவியில் ஒரு தொடர் பார்த்தோம். செய்யாத கொலைக்காக ஒருவனைப் பிடித்துவந்து, அடித்து, 'நான்தான் செய்தேன்' என்று எழுதி வாங்குகிறார்கள். சிந்து என் மடியில் தலைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீ கண்ணை மூடும்போது அவள் கைக்குழந்தை. இப்போது எட்டாவது படிக்கிறாள், அண்ணா.

"அம்மா, அவன் எதுவும் பண்ணலதானே? அப்பறம் எதுக்கு சைன் பண்றான்? லூசா?" என்று கேட்டாள்.

நான் எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அப்போது நீ மண்டி மொஹல்லாவில் ஒரு வீட்டுக்கு பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தாய். அந்த வீட்டம்மாவின் வளையல்களைக் காணோம் என்றதும் உன்னைத்தான் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். கன்னடம் நன்றாகப் பேசுவாய். உன் பெயரைக் கிறுக்குவதோடு சரி, ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாது. நம் ஊரான ஹனூரிலிருந்து இங்கே வேலைக்கு வந்து, என்னைக் கன்னடப் பள்ளியில் பத்தாவது வரை படிக்கவைத்தவன் நீ.

இரண்டாம் நாள் மதியம், அண்ணிக்குக் காய்ச்சல் என்பதால் நான் வந்தேன். உன் பாதம் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. அங்கிருந்த அதிகாரி ஒரு தாளை என்னிடம் நீட்டி, "உங்கண்ணன் கையெழுத்துப் போட்டால் சாயங்காலமே அனுப்பிவிடுகிறோம். நீயே சொல்லு" என்று கன்னடத்தில் சொன்னார். படித்தேன். வளையல்களை எடுத்து விற்றதாக நீயே சொல்வதுபோல எழுதியிருந்தது.

"என்ன எழுதியிருக்குது புள்ள?" என்றாய்.

"உன்னைய உடறதுக்குத்தாண்ணா. போட்டுரு, ஊட்டுக்குப் போலாம்."

என் முகத்தை ஒருமுறை பார்த்தாய். போட்டுவிட்டாய்.

பயந்துதான் சொன்னேன். உன்மேல் இன்னொரு அடி விழுவதை என்னால் தாங்க முடியாது என்று நினைத்தேன். ஆனாலும் பொய் பொய்தானே? அன்று சாயங்காலம் உன்னை ஜெயிலுக்குத்தான் அனுப்பினார்கள்.

போலீஸில் கொடுத்த வாக்குமூலம் கோர்ட்டில் நிற்காது என்றார் வக்கீல். நிற்கவும் இல்லை. ஐந்து மாதம் கழித்து அந்த வீட்டு பீரோவுக்குப் பின்னாலேயே வளையல்கள் கிடைத்தன. கேஸ் முடிந்தது. 'அவனே ஒப்புக்கொண்டானாமே' என்ற பேச்சு மட்டும் முடியவில்லை. அதன்பிறகு உன்னை யாரும் வீட்டுக்குள் வேலைக்கு விடவில்லை. காம்பவுண்டுச் சுவருக்கும் கேட்டுக்கும்தான் கூப்பிட்டார்கள். நெஞ்சுவலியில் நீ போகும்வரை, ஒன்பது வருடம், வெயிலில் நின்று வெளிச்சுவர்களுக்கே அடித்தாய். என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

நேற்று அண்ணியிடம் சொல்லிவிட்டேன். தேவராஜ மார்க்கெட்டில் பூ விற்கிறார். மல்லிகை கட்டிக்கொண்டே கேட்டார். பாதியில் கை நின்றுவிட்டது.

"ஒம்பது வருசமும் நான் அவரைத்தானே திட்டுனேன், ரத்னா. படிக்கத் தெரியலீன்னா பக்கத்துல ஆருகிட்டயாச்சும் கேக்கறதுக்கென்னன்னு. ஒருநா கூட உம்பேரைச் சொல்லலியே அந்த மனுசன்."

அதற்குமேல் என்னைப் பார்க்கவில்லை. "நீ போ" என்றார். வந்துவிட்டேன்.

ஏன் அண்ணா சொல்லவில்லை? என் முகத்தைப் பார்த்தபோதே உனக்குத் தெரிந்துவிட்டதா? தெரிந்தேதான் போட்டாயா? நீ இருந்தபோது இதைக் கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. இப்போது கேட்டு என்ன?

உன் மகன் சதீஷ் பெங்களூரில் வேலை பார்க்கிறான். உன்னைப் பற்றி யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவான். எடுக்காதவர் எதற்கு ஒப்புக்கொண்டார் என்பது அவன் மனதில் இன்னும் இருக்கிறது. அதற்குப் பதில் என்னிடம் இருந்தது. அவன் வளர்ந்த அத்தனை வருடமும் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவன் அண்ணியைப் பார்க்க வருகிறான். அண்ணி கதவைத் திறக்காவிட்டால் வாசலிலேயே நிற்பேன். சிந்துவையும் கூட்டிப்போகிறேன். அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது, உன்னிடம் நான் என்ன சொன்னேன் என்பதை அவர்கள் முன்னால் ஒன்றையும் மாற்றாமல் சொல்வேன். அதோடு அவன் என்னை அத்தை என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாலும் சொல்வேன், அண்ணா. இது சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
ரத்னா