பதினேழாவது பிரிவு

பிப்ரவரி 11

அன்பு அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அப்பாவின் முழங்கால் வலி தேவலையா?

உன் பட்டறையிலிருந்து வந்த மடக்குச் சக்கர நாற்காலிகளைப் பெரிய மருத்துவமனை எடுத்துக்கொண்டது. உட்கார்ந்து பார்த்த டாக்டருக்கு எழுந்திருக்கவே மனமில்லை. இத்துடன் புது ஒப்பந்தம் வருகிறது. உன் முத்திரையோடு இந்த நாட்டில் விற்கும் உரிமை எனக்கு. தகராறு வந்தால் எந்த நீதிமன்றத்துக்கும் போகாமல் இந்த ஊரில் ஒரு நடுவர் விசாரித்துத் தீர்ப்பார் என்று பதினேழாவது பிரிவு சொல்கிறது. எல்லா ஒப்பந்தத்திலும் வக்கீல்கள் போடுவதுதான். நாமா சண்டை போடப் போகிறோம்? கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடு.

உன் தம்பி

செப்டம்பர் 2

அன்புத் தம்பிக்கு,

நீ போனை எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

அந்த மருத்துவமனை எனக்குப் படம் அனுப்பியிருக்கிறது. நாற்காலி முறிந்து, ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் விழுந்து இடுப்பெலும்பு உடைந்துவிட்டதாம். முறிந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அங்கே இரண்டு குழாய்களை ஒட்டவைத்திருக்கிறார்கள். நாம் ஒரே குழாயை வளைத்துத்தானே செய்கிறோம்? ஆனால் முதுகில் நம் முத்திரை. யார் செய்தது அது? உனக்குத் தெரியாமல் நடந்திருந்தால் உடனே சொல். இரண்டு பேருமாக நின்று சமாளிப்போம்.

அக்கா

செப்டம்பர் 20

அன்பு அக்காவுக்கு,

மறைக்கவில்லை. கேட்ட அளவுக்கு உன்னால் செய்து கொடுக்க முடியவில்லை. இங்கேயே ஒரு கம்பெனியில் செய்யக் கொடுத்தேன். மருத்துவமனை கேட்டபோது உன் பட்டறையில் செய்தது என்று சொல்லிவிட்டேன். நீ தூரத்தில் இருக்கிறாய், அவர்களால் உன்னை ஒன்றும் செய்ய முடியாது. நான் இந்த ஊரில் பிழைக்க வேண்டும். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

தம்பி

நவம்பர் 27

தம்பிக்கு,

நீ முத்திரையைப் பயன்படுத்தத் தடை கேட்டு இங்கே வழக்குப் போட்டேன். உனக்குத்தான் தெரியுமே. உன் வக்கீல் வந்து பதினேழாவது பிரிவை வாசித்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். நீதிபதி நல்ல மனுஷி. அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "உங்க பக்கம் நியாயம் இருக்கலாம்மா. ஆனா அதை விசாரிக்கிற அதிகாரம் எனக்கில்ல. நீங்களே கையெழுத்துப் போட்டு இன்னொரு ஊர்ல ஒப்படைச்சிட்டீங்க."

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். கூடப்பிறந்தவனுக்குப் போடும் கையெழுத்தை யாரடா அளந்து போடுவார்கள்? அந்தப் பிரிவை நீ எழுதியபோதே இது உன் மனதில் இருந்ததா? அதை மட்டும் சொல்.

அக்கா

டிசம்பர் 15

அக்கா,

நடுவரிடம் போவதென்றால் தாராளமாக வா. ஓட்டலில் ஏன் வீண் செலவு? மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. நீ வந்தால் பிள்ளைகளும் சந்தோஷப்படுவார்கள். வழக்கு வேறு, வீடு வேறு.

தம்பி

ஏப்ரல் 6

தம்பிக்கு,

உன் ஊரிலிருந்தே எழுதுகிறேன். நாளைக்குக் கிளம்புகிறேன்.

தீர்ப்பு உன் கைக்கும் வந்திருக்கும். முத்திரையை எடுத்துவிட வேண்டும்; அந்த நாற்காலியைச் செய்தது யார் என்று மருத்துவமனைக்கு நீ எழுதிக் கொடுக்க வேண்டும். உன் ஊர், நீ சொன்ன முறை, நீ ஒத்துக்கொண்ட நடுவர். இருந்தும் அவர் படத்தைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், சரியாகச் சொன்னார். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். விசாரணை முடியும்வரை நீ ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. வராந்தாவில் மட்டும், "வீட்டுக்கு வந்துட்டுப் போக்கா" என்றாய். கால் வரவில்லை.

டீச்சரைப் போய்ப் பார்த்தேன். நடை பழகுகிறார். என் நாற்காலி இல்லை என்று சொன்னேன். "அது யாரோடதா இருந்தா என்னம்மா, விழுந்தது நான்தானே" என்றார். நீ இதுவரை போகவில்லையாம். போய்ப் பார்.

நேற்று அப்பா போனில், "ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்டீங்களா?" என்று கேட்டார். "சாப்டோம்ப்பா" என்றேன். உனக்காக நான் சொன்ன கடைசிப் பொய் அது. இனி கேட்டால் உன் நம்பரைப் போட்டுக் கொடுப்பேன். நீயே பதில் சொல்லிக்கொள்.

பட்டறைக்காரி