புத்ராஜெயா ஏரியில் ஒரு விடுமுறை

பிரிக்பீல்ட்ஸ்,
ஞாயிறு

அன்புள்ள குமுதாவுக்கு,

இங்கே நான் நலம். அத்தைக்கு முட்டிவலி குறைந்ததா? பாப்பாவுக்கு இருமல் நின்றதா?

செவ்வாயன்று உணவகத்துக்கு விடுமுறை. முதலாளி மகன் பிரவின் சமையல்காரர்களான எங்கள் நான்கு பேரையும் புத்ராஜெயாவுக்குக் கூட்டிப்போனான். நகரத்துக்கு நடுவிலேயே பெரிய ஏரி. வாடகை சைக்கிளில் கரையோரமாகப் பாலம் பாலமாகச் சுற்றினோம். நான் கையை விட்டுக்கூட ஓட்டினேன். பிறகு படகில் ஏறினோம்.

அங்கே பிரவின் தின்றுபோட்ட கோழி எலும்பைப் பொட்டலத்தோடு ஏரியில் வீசினான். பக்கத்தில் சின்னப் படகில் ஓர் அம்மா வலையால் குப்பை அள்ளிக்கொண்டிருந்தார். எச்சில் எலும்பு அவர் முகத்தில் பட்டது.

"அள்ளட்டும் லா, அதுக்குத்தானே சம்பளம் வாங்குறாங்க!" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், குமுதா. அதை நினைத்தால்தான் இன்னும் வெட்கமாக இருக்கிறது. அந்த அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்து அவன் பாட்டிலை ஓங்கியபோது கையைப் பிடித்துவிட்டேன். "போதும் பாஸ், அசிங்கமா இருக்கு."

"நாளைக்கு வேலைக்கு வரணும்ல, அண்ணே?" என்றான்.

மறுநாளிலிருந்து நான் அடுப்படியில் இல்லை, தட்டு கழுவுகிறேன். பயப்படாதே, வேலை போகவில்லை. விரல்தான் ஊறி வெடித்திருக்கிறது. யாராவது இந்தப் பக்கம் வந்தால் நீ காய்ச்சும் தேங்காயெண்ணெய் ஒரு பாட்டில் கொடுத்தனுப்பு. பாப்பா கிறுக்கிய காகிதம் எதுவானாலும் சேர்த்து வை. இந்த வாரம் வீடியோவில் மட்டும் கூப்பிடாதே.

மன்னிப்புக் கேட்க எனக்கு மலாயில் ஒரு சொல் தெரியும். அந்த அம்மாவிடம் அதைக்கூடச் சொல்லாமல் வந்துவிட்டேன்.

தட்டு குவிந்துவிட்டது, கூப்பிடுகிறார்கள்.

உன்,
மணிவாசகம்