மேல்கிளைப் பூ

வலேனி,
14 மே 1983

அன்புள்ள ரோடிகா அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். என் வீட்டுக்காரரின் முதுகு வலியும் நலம். அவரை விட்டுப் போகிற எண்ணம் அதற்கு இல்லை. ஈஸ்டருக்கு வந்துவிட்டுப் போன இலிங்கா உன் வீடு வந்து சேர்ந்தாளா? சேர்ந்துவிட்டேன் என்று பெற்ற அம்மாவுக்கு ஒரு வரி எழுத அவளுக்குக் கை வரவில்லை. நெசவாலையில் நாள் முழுக்க நூல் முடிகிற பெண்ணுக்குப் பேனா பிடிக்க மட்டும் விரல் வலிக்கும் போலிருக்கிறது.

ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. அவள் கிளம்புகிற அன்று பக்கத்து வீட்டு சஃப்தா வேலியோரம் நின்று, "என்னடி, டவுன் பிடிச்சிருக்கா?" என்று கேட்டாள். நான் இந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். இவள் சொல்கிறாள்: "பெரியம்மா வீடு சொர்க்கம் அத்தை. பஞ்சுத் தூசியில நான் லேசா இருமினாக்கூட, சோக் பழச் சாறைச் சூடு பண்ணிக் கையில கொடுத்திடுவாங்க." "உங்கம்மா?" என்றாள் அந்த விஷமக்காரி. "அம்மா நல்லாத் திட்டுவா!" என்று இவள் சிரித்தாள். சஃப்தாவும் சிரித்தாள். நான் ஈரத் துண்டை உதறினேன்.

அந்தப் பழம் எந்த மரத்தில் காய்த்தது அக்கா? என் வாசல் சோக் மரத்தில்தானே? நம் அம்மா போனபின் நாம் பேசிக்கொண்டபடி, சோக்கத்தா பானம் போடக் கீழ்கிளைப் பூவோடு நான் நிறுத்திக்கொண்டு, மேல்கிளைப் பூவையெல்லாம் பழுக்க விட்டுவைப்பதால்தானே உனக்குச் செப்டம்பரில் பழம்? நான் விட்டுவைக்கிறேன், நீ நல்ல பெயர் வாங்குகிறாய். போகட்டும், எனக்கொன்றும் பொறாமை இல்லை.

ஜூன் தொடக்கத்தில் மரம் பூத்துவிடும். லீவு கேட்டு இலிங்காவை அனுப்பு. கொக்கிக் கம்பால் கிளையை வளைத்துப் பிடிக்க எனக்கு ஆள் வேண்டும்.

உன் தங்கை,
வெதுரியா

சிபியு,
27 மே 1983

என் அருமை வெதுவுக்கு,

உன் கடிதத்தை இலிங்காவுக்குப் படித்துக் காட்டினேன். திட்டுகிற இடம் வந்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள். நீ எழுதும்போது சிரிக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

பண்டிகை நாட்களைத் தவிர அவளுக்கு வருஷத்தில் ஒரு லீவுதான். ஜூனில் போ என்றுதான் நான் சொன்னேன். "செப்டம்பர்ல உங்களோட பழம் பறிக்கப் போறேன் பெரியம்மா, அம்மாவையும் அப்பவே பார்த்த மாதிரி இருக்கும்" என்கிறாள். நான் என்ன செய்ய? பிள்ளை பெறாத வீட்டில் ஒரு பெண் குரல் கேட்டால் வற்புறுத்தித் துரத்தவா தோன்றும்?

ஒரு கூத்தைக் கேள். ஞாயிற்றுக்கிழமை இருவரும் பூங்காவிலிருந்து நாலு கொத்து சோக் பூவைத் திருடி வந்தோம். நீ செய்கிற மாதிரி சோக்கத்தா போடலாம் என்று சர்க்கரை கரைத்து, வெயில்படும் ஜன்னலில் ஜாடியை வைத்துக் காத்திருந்தோம். ஒரு குமிழி எழும்பவில்லை. நகரத்துத் தூசியாயிற்றே என்று நான் பூவைக் குழாயில் அலசிவிட்டேன்! பொங்க வைக்கிற மகரந்தமெல்லாம் போய், வெறும் சர்க்கரைத் தண்ணீர்தான் மிஞ்சியது. "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க, சாகிற வரைக்கும் சொல்லிக் காட்டுவா" என்றாள் உன் மகள். சொல்லிவிட்டேன்.

உன் சோக்கத்தாவுக்கு எலுமிச்சை உப்பு கிடைத்தது, அனுப்பியிருக்கிறேன். அவளுக்குப் புதுச் செருப்பு வாங்கினேன், பழையது வாயைப் பிளந்துவிட்டது. வழக்கம்போல மேல்கிளையை விட்டுவை.

அன்புடன்,
அக்கா ரோடிகா

வலேனி,
16 ஜூன் 1983

அன்புள்ள அக்காவுக்கு,

எலுமிச்சை உப்புக்கு நன்றி. செருப்புக்கும் நன்றி. அவள் அம்மாவுக்குச் செருப்பு வாங்கத் தெரியாது பார்.

பூவை அலசுகிற பெண்மணியை நம் வம்சத்திலேயே இப்போதுதான் பார்க்கிறேன். அதைத் தெருவெல்லாம் சொன்னேன்.

இந்த வருஷம் பூ அப்படிப் பூத்தது. பனி காய்ந்த காலையில் தனியாகவே ஆரம்பித்தேன். கம்பு எட்டாத இடத்துக்கு ஏணி போட்டேன். ஏணி எட்டாத இடத்துக்கு ஏணிமேல் நின்று கம்பை நீட்டினேன். என் வீட்டுக்காரர், "ஏய், அது உங்கக்கா பங்குடி" என்று கீழேயிருந்து கத்தினார். "உங்க வேலையைப் பாருங்க" என்றேன். சேர்த்துவைத்த ரேஷன் சர்க்கரை முழுவதும் தீர்ந்தது. தெருவில் எல்லா வீட்டுக்கும் ஆளுக்கொரு புட்டி. மதியச் சாப்பாட்டின்போது இரண்டு புட்டி வெடித்து, அவர் களித் தட்டோடு மேசைக்கடியில் போய்விட்டார். அவ்வளவு பொங்கியது! இந்த ஊரில் என்னைப்போல் சோக்கத்தா போட ஆளில்லை என்று சஃப்தாவே சொன்னாள். இதை இலிங்காவுக்கு அவசியம் படித்துக் காட்டு.

பழத்துக்கு மிச்சம் இருக்கிறதா என்று கேட்பாய். மரம் பெரியது. ஏதாவது இருக்கும்.

வெதுரியா

சிபியு,
21 ஆகஸ்ட் 1983

அன்பு வெது,

செப்டம்பர் முதல் சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறோம். நானும் சர்க்கரை சேர்த்துவிட்டேன். கோடை முழுக்க இருவரும் வெறும் டீதான் குடித்தோம். ஜாடிகளை இலிங்கா இப்போதே கழுவிக் கவிழ்த்துவிட்டாள். ஆலைத் தூசியில் அவளுக்கு இருமல் அதிகமாகியிருக்கிறது. பனிக்காலத்துக்குள் பழச் சாறு காய்ச்சி வைத்துவிட்டால் எனக்கு நிம்மதி.

ரோடிகா

வலேனி,
27 ஆகஸ்ட் 1983

அன்புள்ள அக்கா,

உனக்கு எழுதவேண்டும் என்றே இருந்தேன். ஜூலையில் பெரிய ஆலங்கட்டி மழை. மரத்தில் ஒன்றும் நிற்கவில்லை. உன் முழங்காலை வைத்துக்கொண்டு வீணாக ஏன் ரயிலேற வேண்டும்? இலிங்காவை மட்டும் அனுப்பு. அவளுக்குப் பிடித்த பிளம் உருண்டை செய்து வைக்கிறேன்.

வெதுரியா

சிபியு,
11 செப்டம்பர் 1983

வெதுரியா,

நான் வந்தது உனக்குப் பிடிக்கவில்லை என்று வாசலிலேயே தெரிந்தது. ஆலங்கட்டி மழை உன் திராட்சைக் கொடியில் ஒரு இலையைக்கூடக் கிழிக்கவில்லை. சஃப்தாவின் தக்காளிமேல் ஒரு தழும்பில்லை. இலிங்கா மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்ததை நானும் பார்த்தேன். காம்பெல்லாம் கத்தரியால் வெட்டிய காம்பு.

சஃப்தாதான் புட்டியோடு வந்தாள். "உங்க அம்மா கைராசியைப் பாருடி, இன்னும் நுரைக்குது! இந்த வருஷம் உச்சிக்கிளை வரைக்கும் ஒரு பூ விடாம வழிச்சிட்டா." நீ அடுப்பு பக்கம் திரும்பிக்கொண்டாய். பிளம் உருண்டை தட்டிலேயே ஆறிப்போனது.

ரயிலில் காலி ஜாடிகள் முட்டிக்கொண்டே வந்தன. அவற்றைப் பிடித்துக்கொண்டு இலிங்கா சொன்னாள்: "ஜூன்ல ஏன்டி வரலன்னு என்னை நாலு அறை அறைஞ்சிருக்கலாம் பெரியம்மா. மரத்தை ஏன் மொட்டையடிக்கணும்?"

என்மேல் கோபம் என்றால் என்னிடம் காட்டியிருக்கலாம். நீ பறித்தது என் பங்கை இல்லை, அவள் மருந்தை. இனி ஊருக்கு வரமாட்டேன் என்கிறாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. நம்பினால் நம்பு.

ரோடிகா

வலேனி,
5 ஜூன் 1984

அக்காவுக்கு,

கிறிஸ்துமஸுக்கும் அவள் வரவில்லை, ஈஸ்டருக்கும் வரவில்லை. பிப்ரவரியில் அவள் அப்பா வந்து பார்த்துவிட்டுத் திரும்பினார். எப்படியிருக்கிறாள் என்றேன். "இருமுறா" என்றார். தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பனிக்காலம் முடியும்வரை எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகுதான் சொன்னார், நீ அவளுக்கு லிண்டன் பூ கஷாயம் போட்டுக் கொடுத்தாயாம், மார்பில் துணி ஒற்றடம் வைத்தாயாம். அதைக் கேட்டும் எனக்கு வயிறு எரிந்தது அக்கா. அங்கே நான் இருந்திருக்க வேண்டும் என்றுதான் எரிந்தது. என் புத்தி அப்படி. அது இனி மாறும் என்று உனக்குச் சத்தியம் செய்ய மாட்டேன்.

மரம் பூத்திருக்கிறது. கீழ்கிளையைக்கூட நான் தொடவில்லை. "என்னடி, மரத்துக்குச் சாமி வந்திருக்கா, கிட்டவே போகமாட்டேங்கற?" என்று சஃப்தா கேலி செய்கிறாள். ஜாடிகளைப் பரண்மேல் ஏற்றிவிட்டேன். இந்த வருஷம் ஒரு சொட்டு சோக்கத்தா கிடையாது. அத்தனையும் பழுக்கட்டும், அத்தனையும் உனக்கு. காய்ச்சி அவளுக்குக் கொடு. யார் மரம் என்றுகூட நீ சொல்ல வேண்டாம்.

சொன்னாலும் பரவாயில்லை.

வெது

சிபியு,
9 ஜூன் 1984

வெது,

கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். படித்துக் காட்டவில்லை, அவளே படிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இரண்டு முறை படித்தாள். "ஒரு பூகூடப் பறிக்கலையா? லூசு அம்மா! இன்னும் ஒரு வாரத்துல எல்லாம் உதிர்ந்துடுமே!" என்று எழுந்தவள், மறுநாளே ஆலையில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டாள். வருஷத்துக்கு உண்டான ஒரே லீவு.

நானும் கூட வரட்டுமா என்றேன். பெட்டியில் துணியை அடுக்கிக்கொண்டே, "வேணாம் பெரியம்மா, கம்பைப் பிடிக்க நான் போதும், வெட்ட அம்மா போதும்" என்றாள். நான் சரி என்று சொல்லிவிட்டு, சமையலறைக்குப் போய்க் கழுவிய ஜாடிகளையே மறுபடி கழுவினேன். நீ எழுதியிருந்தாயே, வயிறு எரிந்தது என்று. எப்படி எரியும் என்று தெரிந்துகொண்டேன்.

புதன்கிழமை காலை ரயில். ஸ்டேஷனுக்கு நீயே போ. கண்டதும் திட்ட ஆரம்பிக்காதே. கொஞ்சமாகத் திட்டு, இல்லாவிட்டால் அவளுக்கு வீடு மாதிரி இருக்காது. ஜாடிகளைப் பரணிலிருந்து இறக்கு. கீழ்கிளை முழுவதும் பறித்துக்கொள்ளுங்கள்.

மேல்கிளையை மட்டும் எனக்கு விட்டுவை.

உன் அக்கா,
ரோடிகா