முதற்காயும் நனைந்த கையும்

மடவார் வளாகம்,
திருவில்லிபுத்தூர்.

என் இல்லத்தின் தலைமைக்குரிய அங்காளம்மாளுக்கு,

நலம். சிங்கப்பூரில் உன் நலமும், பேறுகாலம் முடிந்த நம் மகள் செல்லத்தாயின் நலமும், புதிதாய் வந்த பெயர்த்தியின் நலமும் ஓங்குக. தொலைபேசி இருக்க மடல் எதற்கு என்பாய். தொலைபேசியில் நீ இடைமறிப்பாய். மேடையேறிய நாள் முதலாக என்னை இடைமறித்து வென்றவள் நீ ஒருத்திதான். ஆகவே, விடுமுறை முடிந்து அங்கே திரும்பும் அடுத்த வீட்டுப் பால்பாண்டியிடம் இம்மடலையும் ஒரு பொட்டலத்தையும் கொடுத்தனுப்புகிறேன்.

வீடு ஒழுங்காகவே இருக்கிறது. கொல்லையில் நீ நட்ட மஞ்சள் பூசணிக்கொடி மதிலேறிப் பால்பாண்டியின் வீட்டையும் கைப்பற்றிவிட்டது. முதற்காயை மாரியம்மன் காலடியில் வைத்தெடுக்க வேண்டும் என்றாய், வைத்தேன். கடவுளைப் பற்றி மேடையில் நான் முழங்குவது வேறு, உன் கட்டளை வேறு. பூசாரி காம்பருகே குங்குமம் தீற்றிக் கொடுத்தார்.

இனி, இராசபாளையம் சென்ற கதை. நம் மகன் சுந்தரபாண்டியன் நூற்பாலையிலிருந்து திரும்பும் வழியில் நாள்தோறும் ரொட்டி வாங்கி, அடுமனைக்காரர் தவசிமுத்துவின் மகள் ஷெரினிடம் நெஞ்சைப் பறிகொடுத்ததை நீ அறிவாய். வானூர்தி நிலையத்தில் நீ சொன்னது என் செவியில் நிற்கிறது: "அவிய வேதக்காரவிய, ஏசுசாமியக் கும்பிடுறவிய. நம்ம சாமிக்குப் படைச்சத அந்தப் புள்ள தொடுமா? நான் வந்து பாக்குற வரை அங்க போயி கை நனைச்சிராதிய." பெண் வீட்டில் சோற்றில் கை வைத்தால் திருமணத்துக்கு இசைந்தோம் என்று பொருள், தேநீரும் இனிப்பும் எவரையும் கட்டுப்படுத்தா. இவ்வழக்கை நான் மறப்பேனா?

ஆனால், ஒருமுறையேனும் வந்து பேசுங்கள் என்று தவசிமுத்து அழைத்தபின் போகாதிருப்பது பண்பன்று. வெற்றிலையோ பூவோ பழமோ கொண்டுபோனால் உறுதி சொன்னதாகும். வெறுங்கையோடு போனால் இழிவு. காய்கறிக்கு மட்டும் அத்தகைய பொருள் ஏதுமில்லை என்று ஆய்ந்து தெளிந்து, அந்தப் பூசணியைப் பையிலிட்டுப் பேருந்தேறினேன். இரண்டு சொல் பேசித் திரும்புவதே என் திட்டம்.

பையை வாங்கிய ஷெரின் குங்குமத்தைக் கண்டாள். "இது சாமிக்கு வச்ச காயா மாமா?" என்று கேட்டாள். ஆம் என்றேன். தவசிமுத்து தன் மனைவி கிருபாபாயைப் பார்த்தார். கிருபாபாய் மகளைப் பார்த்தார். நீ சொன்னது பலித்தது, காய் ஓரத்துக்குப் போகப்போகிறது என்றே எண்ணினேன். அவளோ காயை இடுப்பில் குழந்தைபோல் இடுக்கிக்கொண்டு, "அத்தை நட்ட கொடின்னு அவிய சொன்னாவ. மொதக்காய்னா எல்லாருக்கும் ஒரு துண்டு வரணும்லா" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள். "அவிய" என்பவன் நம் மகன்.

அதன்பின் தவசிமுத்து, அண்ணாச்சி பேச்சைத் தளவாய்புரத்துக் கூட்டத்தில் கேட்டிருக்கிறேன் என்று ஒரு சொல் சொன்னார். அது போதாதா? தொடங்கினேன். நான் நிறுத்தியபோது உச்சி வெயில்.

அதற்குள் ஷெரின் செய்ததைச் சொல்கிறேன். காயை நெடுக்கே பிளந்து விதை நீக்கி, தோலை விட்டுச் சதையில் மட்டும் கட்டம் கட்டமாகக் கீறி, கருப்பட்டிப் பாகும் வெண்ணெயும் சுக்கும் துளி உப்பும் தடவி, ரொட்டி இறங்கிய செங்கல் அடுப்பின் அடங்கிய சூட்டில் வைத்துவிட்டாள். வெளியே வந்தபோது ஓரமெல்லாம் செம்புநிறமாய்த் தீய்ந்து, நடுவில் பாகு கொதித்துக்கொண்டிருந்தது. தட்டத்தில் ஒட்டியதைச் சுரண்டி அவளே முதலில் வாயில் போட்டுச் சூடு தாளாமல் குதித்ததை நான் பார்த்தேன், அங்காளம். யாருக்கும் காட்டுவதற்காகத் தின்றவள் அல்லள்.

என் முன்னே ஒரு துண்டும் கரண்டியும் வைத்தார்கள். கையால் உண்பதே தமிழர் மாண்பு என்று ஊர்தோறும் முழங்கியவன் கரண்டியைத் தொடலாமா? தள்ளினேன். இனிப்புத்தானே என்று கையால் எடுத்து, விரல்வழி பாகு ஒழுக, முழுவதையும் உண்டேன். அப்போது கிருபாபாய் ஒரு சட்டிச் சோற்றையும் புளிக்குழம்பையும் கொண்டுவந்து வைத்து, "என்ன அண்ணாச்சி, தொடுகறிய வெறும்வாயில தின்னு தீத்துட்டிய? சோத்துக்குத் தொட்டுக்கிட எதைத் தர?" என்றார். தவசிமுத்து என் விரல்களைச் சுட்டி, "கை நனைஞ்சு வழியுது. கரண்டியத்தான் அப்பவே குடுத்தோம்" என்று சிரித்தார்.

எழுந்து நின்று வாதாடினேன். காய் எங்கள் கொடியில் காய்த்தது. ஆகவே நான் என் வீட்டு உணவையே உண்டேன் என்றேன். நல்ல வாதம். கருப்பட்டி யார் வீட்டுது என்று ஷெரின் உள்ளிருந்து கேட்டாள். உட்கார்ந்துவிட்டேன். பிறகு சோறும் உண்டேன். புளிக்குழம்புக்கு அந்த இனிப்பு அவ்வளவு பொருத்தம்.

விடைபெறுகையில் கிருபாபாய் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன்: "நீங்க நனைச்ச கை கணக்குல வராது. மதினி வந்து ஒரு வாய் வச்சாத்தான் நாங்க நாள் பாப்போம்." ஆகவே முடிவு உன்னுடையது. சுந்தரபாண்டியன் வாய்விட்டு ஒன்றும் கேட்பதில்லை. ரொட்டியை மட்டும் மாலைதோறும் வாங்கிக் குவிக்கிறான். வீட்டில் உண்ண ஆளில்லை. இரண்டாம் காயைக் கொடியிலேயே விட்டிருக்கிறேன். அது உன் கையால் அறுபட வேண்டும்.

பொட்டலத்தில் இருப்பவை அந்த முதற்காயின் விதைகள். ஷெரின் உப்பிட்டு வறுத்தவை. உன்னிடம் சேர்க்கச் சொல்லித் தந்தாள். அவற்றை உண்டால் நீயும் கை நனைத்தவளே என்பதை முறைப்படி முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும், இறுதியில் எழுதுகிறேன். உன்னை அறிவேன். மடலைப் பிரிக்குமுன் பொட்டலத்தைப் பிரித்திருப்பாய். இப்போது எத்தனை மிச்சமிருக்கின்றன?

பெயர்த்தி நீடு வாழ்க. விரைந்து வா.

கதவைத் தாழிடாமல் காத்திருக்கும்,
பாண்டிதுரை