சித்தப்பா, நாளைக்கு அதைக் கேட்காதே

என் தங்கமான சித்தப்பா,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. அங்கே தாத்தா இருந்தால் அவரிடமும் காட்டாதே, அவர் வாயில் எதுவும் நிற்காது. சிம்னி விளக்கின் திரியை இறக்கி வைத்துத்தான் எழுதுகிறேன். அத்தை பக்கத்திலேயே படுத்திருக்கிறது.

நாளைக்கு உனக்கு வருஷப் படையல். அத்தை பொம்மையார்பாளையத்திலிருந்து சாயங்காலமே வந்துவிட்டது. வந்ததும் மடியிலிருந்து ஒரு சாராய பாட்டிலை எடுத்து, உனக்கு வாங்கிய புது வேட்டிக்குப் பக்கத்தில் முறத்தில் வைத்தது. சர்க்கார் இங்கே கடையை மூடினால் என்ன, பாண்டிச் சரக்கு எப்படியும் வந்துவிடுகிறது.

"அஞ்சலை அப்பா அதை விட்டு ஒரு வருஷமாகுது. அது வேணாம் அண்ணி," என்றது அம்மா.

"ஆசையா குடிச்சதை வெக்காம படைப்பாங்களா? எந்தம்பி வாசல்ல வந்து நிப்பாண்டி."

உனக்குப் பிள்ளை இல்லை, அப்பாதான் படைக்க வேண்டும். இலையில் வைத்ததையெல்லாம் படைத்தவர்தான் முதலில் வாயில் வைக்க வேண்டுமாம். "ஒரு மூடிடா. ஒரே மூடி. என்னா ஆயிடும்?" என்று அத்தை கேட்டது. அப்பா பாட்டிலைப் பார்க்கவில்லை. சுவரையே பார்த்தார்.

ஒரு மூடியில் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாதா சித்தப்பா?

அன்றைக்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் குடித்தீர்கள். அப்பா மட்டும் வீட்டுக்கு வந்தார். விடிந்ததும் தேடிப் போனபோது, உப்புப் பாத்தியில் கணுக்கால் அளவுத் தண்ணீரில் நீ குப்புறக் கிடந்தாய். உன்னைத் தோளில் சுமந்து வந்தவர் அதற்குப் பிறகு அதைத் தொடவில்லை.

எப்படித் தொடாமல் இருக்கிறார் தெரியுமா? உப்பு வாரி முடிந்ததும் ரோட்டு வழியாக வருவதில்லை. அங்கே பனைமரத்தடியில் ஒருவன் சைக்கிள் டியூபில் சரக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அதனால் வரப்பு வழியாகவே சுற்றி வருகிறார், கால் வெடிப்பில் உப்புத் தண்ணீர் எரிய எரிய. நான் பள்ளிக்கூடம் விட்டதும் வரப்பு முனையில் போய் நிற்பேன்.

"வந்துட்டாங்கடா இன்ஸ்பெக்டரம்மா! ஏம்பா, வெலங்கு போட்டுத்தான் கூட்டிக்கினு போவாங்களா?" என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். அப்பாவும் சிரிப்பார். ஆனால் என் கையை விடமாட்டார்.

இருட்டுவதற்குள் அம்மா சோறு போட்டுவிடும். "வயிறு நெறைஞ்சிட்டா அது கத்தாது" என்பார் அப்பா. சில நாள் நிறைந்த பிறகும் கத்துகிறது. அப்போது சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பார். நான் பார்க்காத மாதிரி இருப்பேன்.

இன்றைக்குச் சோறே தின்னவில்லை. பாயை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

"அது உள்ள இருக்குது, நான் வெளிய படுத்துக்கறேன். தாப்பாள் போட்டுக்கோங்க. நான் தட்னாலும் தெறக்காதீங்க. அழுதாலும் தெறக்காதீங்க. அப்ப பேசறது நானில்ல."

பனைமரத்தடிக்காரன் இந்நேரம் போயிருப்பான். ஊரிலேயே இப்போது சாராயம் இருப்பது நம் வீட்டுக்குள்தான் என்று தோன்றுகிறது. அம்மா கதவில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டது. கொட்டிவிடலாம் என்று எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். அத்தை பாட்டில்மேல் கையை வைத்துக்கொண்டு தூங்குகிறது.

அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன். அத்தை கனவை நம்பும். தாத்தா கனவில் வந்து கேட்டாரென்று முட்டைக் கோழியை அறுத்ததே! நீயும் அதன் கனவில் போய், "எனக்கு அது வேணாங்க்கா" என்று சொல்லிவிடு. இல்லை, உனக்கு இன்னும் அது வேண்டுமா? அங்கேயும் அது கத்துகிறதா?

திருவிழாவில் எனக்கு ஆரஞ்சுக் கலர் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பாதியை நீயே குடித்தாயே, நினைவிருக்கிறதா? நாளைக்கு அதை வைக்கிறேன். வருஷா வருஷம் வைக்கிறேன், முழு பாட்டில். சத்தியம். அப்பாவை மட்டும் எங்களுக்கு விட்டுவிடு.

உன் அண்ணன் மகள்,
அஞ்சலை

சித்தப்பா, கதவைத் தட்டுகிற சத்தம் கேட்கிறது. அம்மா விழித்துக்கொண்டது, ஆனால் எழுந்திருக்கவில்லை. என்னையே பார்க்கிறது. அப்பாதான். அம்மாவைக் கூப்பிடவில்லை. என் பேரைச் சொல்லித்தான்