கார்டு பொய், தந்தி நிஜம்

உத்திரமேரூர்
3-8-1959, திங்கட்கிழமை

என் அருமை மகன் பொன்னனுக்கு உன் அம்மா அங்கம்மாள் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நான் சுகமாக இருக்கிறேன், உன் அக்கா அம்முலுவும் சுகம், நீயும் அங்கே தங்கவயலில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் வேலைக்குப் போய்வர வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். நைனா, கடிதத்தில் எல்லோரும் எழுதுகிற முதல் வரிதானே என்று இதைத் தாண்டிப் போய்விடாதே, திரும்பவும் ஒரு தடவை படி. நான் சுகமாக இருக்கிறேன். அம்மா சாகக் கிடக்கிறாள், முகம் பார்க்க வேண்டுமானால் வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேர் என்று உனக்கு ஒரு கார்டு வந்திருக்கும், அது பொய். அதற்குப் பின்னால் அம்மா சுகம், வராதே என்று ஒரு தந்தி வந்திருக்கும், அதுதான் நிஜம், அதை அனுப்பியது நான். போஸ்ட் மாஸ்டர் இங்கிலீஷில் எழுதினார், நான் சொன்னதைத்தான் எழுதினாரா என்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை, அதனால் நீ கிளம்பிவிட்டாயோ, வழியில் எங்காவது ஊர்க்காரர்கள் கையில் மாட்டிக்கொண்டாயோ என்று ஐந்து நாளாக வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இந்தக் கடிதம் உன் கையில் கிடைத்தால் நீ அங்கேயே இருக்கிறாய் என்று அர்த்தம். மூச்சு விட்டுக்கொண்டு மிச்சத்தைப் படி.

அந்தக் கார்டை எழுதியது கணக்குப்பிள்ளை, எழுதச் சொன்னது மணியக்காரர் முத்துகிருஷ்ணன், உன் விலாசத்தைக் கொடுத்தது உன் சித்தப்பா வரதன். சித்தப்பாவின் பெயரைப் பார்த்து உனக்குக் கோபம் வரும், எனக்கும் வந்தது, ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டுக் கோபப்படு. இதற்கெல்லாம் வேர் உன் அப்பா போன அன்றைக்குப் போகிறது. நீ அப்போது செங்கல் சூளையில் இருந்தாய், அப்பா ஆற்றோடு போய்விட்டார் என்று மட்டும்தான் உனக்குச் சொன்னார்கள். நடந்தது இதுதான். ஐப்பசி அடைமழை, செய்யாறு இரண்டு கரையும் முட்டிப் போகிறது, மணியக்காரரின் பெரியம்மா செத்துப்போனாள், மாகறலில் இருக்கிற சொந்தக்காரர்களுக்குச் சாவுச் செய்தி சொல்ல அப்பாவைக் கூப்பிட்டார்கள். நான் பின்னாலேயே போய் வேலியோரம் நின்றேன். உன் அப்பா கையைக் கட்டிக்கொண்டு, தண்ணி கொஞ்சம் எறங்கட்டும் ஆண்டே, வெயில் வந்ததும் ஓடிப் போய் சொல்லிட்டு வந்துடறேன் என்றார். வெட்டியானுக்கு ஆறு இன்னாடா கொளம் இன்னாடா, பொணம் காத்துக்கினு இருக்குமா, போடா என்றார் மணியக்காரர். போனார். மூன்றாம் நாள் முள்ளுப் புதரில் கிடைத்தார். அவருக்குக் குழி வெட்ட உன் சித்தப்பாவைத் தவிர வேறு ஆள் இல்லை, தன் அண்ணனுக்குத் தானே வெட்டினான்.

பதினாறாம் நாள் மணியக்காரர் ஆள் அனுப்பி, பறையை எடுத்து உன் கழுத்தில் மாட்டச் சொன்னார். உனக்கு அப்போது பதினேழு வயது. பறை அடிக்கிறது, செத்த மாட்டைத் தூக்குகிறது, குழி வெட்டுகிறது, ஊர் ஊராக ஓடிச் சாவு சொல்கிறது, எல்லாம் இனி உன் தலையில் என்றார்கள். அந்த வாரமே உன்னைத் தங்கவயலுக்குப் போகிற ஆட்களோடு ஏற்றி அனுப்பினேன். பெற்றவளே துரத்துகிறாள் என்று நீ அழுதாய், நான் அழவில்லை, அழுதால் நீ இறங்கிவிடுவாய் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். உனக்குப் பதிலாக அந்தப் பாரம் நாலு வருஷமாக வரதன் கழுத்தில் இருந்தது. அதையும் நீ மறக்கக் கூடாது.

நீ போன பிறகுதான் முனியம்மாள் நம் சேரிக்கு வர ஆரம்பித்தாள். மிஷன் சபையில் ஊழியம் செய்கிற அம்மா, ஞானஸ்நானத்தில் ரெபேக்காள் என்று பெயர் வைத்தும் எல்லோரும் பழைய பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், அவளும் ஏன் என்று கேட்கமாட்டாள். நான் சபைக்குப் போனது பக்தியால் இல்லை கண்ணு, உள்ளதைச் சொல்கிறேன், உன் கடிதத்தை நானே படிக்க வேண்டும் என்றுதான் அவளிடம் எழுத்துக் கற்றுக்கொள்ளப் போனேன். நடவு வயலில் கஞ்சி குடிக்கிற நேரத்தில் சேற்றிலேயே விரலால் எழுதிக் காட்டுவாள். அப்படியே இயேசுசாமியைப் பற்றியும் சொல்வாள். அவர் சிஷ்யர்களின் காலைக் கழுவினார் என்று அவள் சொன்ன அன்றைக்கு நான் களை பிடுங்குகிறதை விட்டுவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். நம்மைத் தெருவில் காலை வைக்க விடாதவர்களைத்தான் பெரியவர்கள் என்று நினைத்திருந்தேன், ஒரு சாமி குனிந்து அடுத்தவன் காலைத் தொட்டதாக யாரும் எனக்கு அதுவரை சொன்னதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஈஸ்டர் அன்று நானும் அம்முலுவும் ஞானஸ்நானம் எடுத்தோம், அது உனக்குத் தெரியும்.

உனக்குத் தெரியாதது பங்குனியில் நடந்தது. அம்முலுவின் குழந்தை தவறிவிட்டது என்று இரண்டு வரிதான் எழுதினேன், அதற்கு மேல் கை ஓடவில்லை. நாற்பது நாள் குழந்தை, நாலு நாள் காய்ச்சல். ஆண்டவரே ஆண்டவரே என்று தரையில் முட்டி முட்டிக் கேட்டேன், போய்விட்டது. மாரியம்மாவை விட்டாயே, அதுதான் எடுத்துக்கொண்டாள் என்று ஊர் முழுக்கப் பேச்சு. வேதக்காரி வீட்டுப் பிணத்துக்குக் குழி வெட்டக் கூடாது என்று மணியக்காரர் வரதனுக்கு உத்தரவு போட்டார், அவனும் பயந்துகொண்டு வராமல் இருந்துவிட்டான். பகல் முழுக்கக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிறகு முனியம்மாள் வந்தாள், ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை, ஜெபம்கூடச் சொல்லவில்லை, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய் அந்த வெயிலில் தனியாகக் குழி வெட்டினாள். உள்ளங்கை இரண்டும் உரிந்துபோய்விட்டது. அதற்குப் பிறகு இரண்டு மாதம் நான் சபைப் பக்கமே போகவில்லை. கேட்டதைக் கொடுக்காத சாமியிடம் எனக்கு என்ன பேச்சு என்று இருந்தேன். முனியம்மாள் ஒருநாளும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. ஒருநாள் நானே அவளிடம், உன் சாமி எம் பேரப்புள்ளைய காப்பாத்தலையே, அப்பறம் இன்னாத்துக்கு அவரு என்று சண்டைக்குப் போனேன். அவள், எனக்கும் ரெண்டு போயிருக்குது அங்கம்மா, ஏன்னு எனக்குந் தெரியல, நான் அழுதுக்கினு இருந்தப்ப அவரு எழுந்து போயிடல, அவ்ளோதான் எனக்குத் தெரியும் என்றாள். அன்றைக்கு இரண்டு பேரும் உட்கார்ந்து அழுதோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் சபைக்குப் போனேன். காரணம் கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அதற்கு முன்னால் பயந்து கும்பிட்டேன், அதற்குப் பிறகு பயமில்லாமல் கும்பிடுகிறேன்.

இது இப்படி இருக்க, ஆனி மாதம் செத்த எருமை ஒன்றைத் தூக்கும்போது வரதனுக்கு முழங்கால் பிசகிப்போய் நடக்க முடியாமல் படுத்துவிட்டான். ஆடித் திருவிழா வருகிறது, பறை அடிக்க ஆள் இல்லை. என்னைச் சாவடிக்குக் கூப்பிட்டார்கள். ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள், நான் வெயிலில் நின்றேன். உம் புள்ளைய வரச்சொல்லு, அப்பன் செஞ்சத புள்ள செய்யாம வேற எவன் வந்து செய்வான் என்றார் மணியக்காரர். பயமாகத்தான் இருந்தது நைனா. எம் புள்ள வரமாட்டான் ஐயா, அவன் அங்க ஒரு வேல பண்ணிக்கினு மரியாதையா கீறான், இந்த வேலைக்கு அவன அனுப்பமாட்டேன் என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது, அவரை எப்போதும் கூப்பிடுகிற மாதிரி ஆண்டே என்று சொல்லாமல் ஐயா என்று சொல்லிவிட்டேன். வேண்டுமென்று சொல்லவில்லை. ஆண்டவர் என்கிற வார்த்தையை முழங்காலில் நின்று சொல்லிச் சொல்லி, இன்னொரு மனுஷனைப் பார்த்து அதைச் சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். இன்னாடி சொன்ன, ஐயாவா என்று மணியக்காரர் எழுந்து நின்றார். புள்ள வரணும், இல்லன்னா மனைய காலி பண்ணிடணும், வெள்ளிக்கெழம வரைக்கும் பார்ப்பேன் என்றார்.

அன்றையிலிருந்து எங்களை யாரும் வயலில் இறங்க விடவில்லை, களத்துமேட்டு வழியை முள்ளு போட்டு அடைத்துவிட்டார்கள், சேரிக்காரர்களே எங்களோடு பேசப் பயந்தார்கள். நான் பாதிரியார் ஐயாவிடம் போனேன். அவர் நல்லவர்தான், ஆனால் அவர் சொன்னது என் நெஞ்சில் குத்தியது. இந்த ஒரு வருஷம் பையன் வந்து அடித்துவிட்டுப் போகட்டும் அம்மா, ஊரைப் பகைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் நடத்த முடியாது, அப்புறம் பேசிப் பார்க்கலாம் என்றார். அந்த ஒரு வருஷம் எப்படி முடியும் என்று உன் அப்பாவைப் பார்த்த எனக்குத் தெரியும். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். வழியெல்லாம், சபையும் கைவிட்டுவிட்டது, இப்போது நீர் என்ன செய்யப் போகிறீர் என்று ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டே வந்தேன்.

புதன்கிழமை மத்தியானம் வரதன் தடியை ஊன்றிக்கொண்டு வந்து வாசலில் உட்கார்ந்தான். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. அண்ணி, ஒரு தப்பு பண்ணிட்டேன் என்று கார்டு விஷயத்தைச் சொன்னான். நம் வீட்டுக் கூரை எரவாணத்தில் செருகியிருந்த உன் பழைய கவரை அவன்தான் மணியக்காரருக்குப் பயந்து திங்கட்கிழமை எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். நான் குழந்தைக்கே குழி வெட்ட வராத பாவி, இப்ப பொன்னனுக்கும் வெட்டிட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டான். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த அகப்பையைத் தூக்கி எறிந்தேன், அவன் மேல் படவில்லை. பிறகு அவன் வீங்கின காலைப் பார்த்தேன். நாலு வருஷம் உனக்காகத் தேய்ந்த கால். மன்னித்தேன் என்று பெரிய வார்த்தையெல்லாம் சொல்லவில்லை, ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்துவிட்டு, முனியம்மாளைக் கூட்டிக்கொண்டு உத்திரமேரூர் தபாலாபீசுக்கு ஓடினேன். அப்படித்தான் அந்தத் தந்தி வந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள், மணியக்காரரும் வந்தார். நீ இல்லை என்றதும், நொண்டிக்கினாவது வந்து அடிடா என்று வரதனை இழுத்தார்கள். அவன் பறையை எடுத்துக்கொண்டு வந்தான். எனக்கு உயிரே போய்விட்டது. அவன் அதை மணியக்காரர் முன்னால் தரையில் வைத்து, இது உங்களுது, எங்க அண்ணனும் போயிட்டாரு, எங் காலும் போயிடுச்சி, இனிமே எங்க வூட்டுல யாரும் இத தொடமாட்டாங்க என்றான். தோளில் ஒரு அடி விழுந்தது, கீழே விழுந்தான், மறுபடி உட்கார்ந்தான். பிறகு நம் கூரையைப் பிரித்து எறிந்தார்கள், பானைகளை உடைத்தார்கள். நான் அம்முலுவைக் கட்டிக்கொண்டு வாசல் நடுவில் உட்கார்ந்திருந்தேன். ஜெபம் ஒன்றும் வாயில் வரவில்லை, இங்கயே இரு, இங்கயே இரு என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். யாரும் வந்து தடுக்கவில்லை, வானம் இடியவில்லை. ஆனால் அவர்கள் போன பிறகு நான் எழுந்து நின்றபோது எனக்குள் இருந்த நடுக்கம் இல்லை நைனா. பறிபோவதற்கு இனி ஒன்றும் இல்லை என்பதால் இல்லை. இத்தனையும் நடந்தும் நான் மாட்டேன் என்றது மாட்டேன் என்றே நின்றது, அதனால்தான்.

திருவிழா நின்றுவிடவில்லை. வேறு ஊரிலிருந்து கூலிக்கு ஆட்களைக் கொண்டுவந்து அடித்தார்கள். நாம் இல்லாவிட்டால் ஊரே அழிந்துவிடும் என்று உன் தாத்தா காலத்திலிருந்து சொல்லி வந்தார்கள், கூலி கொடுத்தால் நடக்கிற வேலைதான் அது. முனியம்மாள் பாதிரியாரிடம் போய் என்ன பேசினாளோ, அந்த வெள்ளிக்கிழமை சாயந்திரமே அவர் வந்து, என்னை மன்னித்துவிடு அம்மா என்று சொல்லி, ஏரிக்கரையில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற சபை மனையில் குடிசை போட்டுக்கொள்ளச் சொன்னார். நாங்களும் வரதன் குடும்பமும் அங்கே இருக்கிறோம். அதிகாரிக்கு மனு எழுதி நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், இன்னும் யாரும் விசாரிக்க வரவில்லை. அங்கேயும் இருக்க விடமாட்டேன் என்று மணியக்காரர் சொல்லியனுப்பியிருக்கிறார், பயமில்லை என்று சொன்னால் பொய். நேற்று ஆராதனைக்குச் சேரியிலிருந்து மூன்று பேர் புதிதாக வந்து கடைசியில் உட்கார்ந்தார்கள். வரதன் உள்ளே வரவில்லை, வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கேட்டான். நான் கூப்பிடவில்லை, அவனுக்குத் தோன்றும்போது வரட்டும், உனக்கும் அப்படித்தான்.

கோபத்தில் லீவு போட்டுக்கொண்டு ஆட்களோடு கிளம்பி வராதே, அதைத்தான் அவர்கள் எதிர்பார்க்கிறார்கள். சுரங்கத்துத் தூசி நெஞ்சில் தங்கும் என்கிறார்கள், துணியை நனைத்து மூக்கில் கட்டிக்கொள், வெறும் வயிற்றோடு கீழே இறங்காதே, சித்தப்பாவுக்குத் தனியாக நாலு வரி எழுது, திட்டி எழுதாதே. கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைத்தால் வா, அப்போது வரலாம். போக்கிலும் வரத்திலும் ஆண்டவர் உன் கூடவே நடக்கட்டும், உன் கைக்கும் காலுக்கும் சுகம் கொடுக்கட்டும்.

ஒன்றை மறக்காதே. இனிமேல் வெட்டியான் செங்கேணி வீடு என்று அப்பா பெயரில் விலாசம் எழுதாதே, அங்கே வெறும் மண்சுவர்தான் நிற்கிறது. புது இடத்தை யார் வீடு என்று குறித்துக்கொள்வது என்று தபால்காரர் இன்று கேட்டார். அங்கம்மாள் வீடு என்று சொன்னேன், எழுதிக்கொண்டார். நீயும் அப்படியே எழுது.

இப்படிக்கு,
உனக்காக முழங்காலில் நிற்கும் அம்மா
அங்கம்மாள்